கல்கண்டும் டிரான்ஸ்பார்மர் முனையும்

போன வாரம் என் பழைய அலுவலகத்திலிருந்து மூன்று பிள்ளைகள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். கையில் ஆப்பிள், தோளில் மடிக்கணினி, முகத்தில் ஏதோ ஜெயித்துவிட்ட களை. மூவரில் வாயாடியான ஷாலினி உட்காரக்கூட இல்லை.

"மேடம், இனிமே சோதனைக்கு ஆளே கூப்பிட வேணாம். இணையதளத்தைக் குடுத்தாப் போதும், மெஷினே அம்பது பேர் மாதிரி மாறி மாறி நடிக்குது. இல்லத்தரசி, தாத்தா, காலேஜ் பையன்... எங்க முட்டுது, எங்க தடுக்குதுன்னு அதுவே சொல்லிருது. இங்க பாருங்க."

பார்த்தேன். திரையில் ஐம்பது பொம்மை மனிதர்கள் வீட்டுக் குப்பை வாங்கப் பதிவு செய்கிற எங்கள் பழைய தளத்தின் புதுப் பக்கங்களில் மளமளவென்று நடந்துபோனார்கள். எல்லாருக்கும் பச்சை.

"திரும்ப வீட்டு முகவரி கேக்க ஆரம்பிச்சுட்டீங்களா? அந்த இடத்துல யாராச்சும் நின்னாங்களா?" என்று கேட்டேன்.

"ஒருத்தர் கூட நிக்கல மேடம். டக் டக்னு போட்டுட்டுப் போயிட்டாங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாதாரணச் சிரிப்பு இல்லை, புரையேறுகிற சிரிப்பு. பிள்ளைகள் பயந்துபோய்த் தண்ணி எடுத்து நீட்டினார்கள்.

"ஏன் மேடம் சிரிக்கிறீங்க?"

"தனுஷ்கோடி அண்ணன் ஞாபகம் வந்துருச்சு."

"யார் மேடம் அவரு?"

சொன்னால் பொழுது போய்விடும், எழுதியே தருகிறேன் என்றேன். ஐம்பது வயதைத் தாண்டியதும் கண் மருத்துவர் திரையைக் குறைக்கச் சொல்ல, போதும் என்று வேலையிலிருந்து எழுந்து வந்தவள் நான். வீட்டில் கால் ஒரு இடத்தில் தரிப்பதில்லை. மாடிக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருக்கிறேன். எழுதினால் கொஞ்ச நேரமாவது உட்காருவேன்.

*

நான் என்ன வேலை பார்த்தேன் என்பது என் அம்மாவுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. "அடுத்தவுக கம்ப்யூட்டர் தட்டுறதைப் பின்னாடி உக்காந்து வேடிக்கை பாக்குறதுக்கு ஒரு சம்பளமா ஜெசிந்தா?" என்பாள். யோசித்தால் அம்மா சொன்னதுதான் சரி. ஒரு இணையதளம் செய்வார்கள். அதை ஊருக்குத் திறந்துவிடுவதற்கு முன்னால், ஊரில் நாலு பேரைக் கூப்பிட்டு அதன் முன்னால் உட்காரவைத்து, அவர்கள் விரல் எங்கே போகிறது, எங்கே திரும்புகிறது, எங்கே திகைத்து நிற்கிறது என்று பார்ப்பது. பார்த்ததைச் செய்தவர்களிடம் போய்ச் சொல்வது. செய்தவர்கள் முகம் சுளிப்பார்கள். மறுபடி பார்ப்பது. அவ்வளவுதான் வேலை.

அதற்கு முந்தைய வருஷங்களை நாலு வரியில் முடித்துவிடலாம். பள்ளிக்கூடத்தில் சிஸ்டர்கள் சொல்லித்தந்த டைப்ரைட்டிங். பிறகு ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வாக்காளர் பெயர்களும் ஆஸ்பத்திரிச் சீட்டுகளும் அடித்துக் குவித்த காலம். பிறகு கல்யாணம், மகன், வீடு. பிறகு தல்லாகுளத்தில், கோர்ட்டுக்குப் போகிற வழியில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் இருந்த அந்தச் சின்ன இணையதள அலுவலகம். படி ஏறும்போதே ஜெராக்ஸ் மெஷினின் சூடு காலில் அடிக்கும். மேலே ஏறினால் ராம்ஜி சார் இருப்பார்.

ராம்ஜி சார் எங்கள் சோதனைப் பிரிவின் தலைவர். பிரிவு என்றால் அவரும் நானும். சௌராஷ்டிரர். வீட்டிலிருந்து போன் வந்தால் அவர் பாஷையில் தண்ணீர் மாதிரி ஓடுவார், வைத்ததும் எங்களிடம் தமிழில் சொட்டுச் சொட்டாகப் பேசுவார். சட்டைப் பையில் பேனா கிடையாது. பித்தளை டப்பி ஒன்று, வெற்றிலைச் சுண்ணாம்பு டப்பியைவிடக் கொஞ்சம் பெரியது. அதில் கல்கண்டு.

அவருடைய சோதனை ஒரு பூஜை மாதிரி நடக்கும். வருகிறவருக்கு ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் நாற்காலி, வெயில் திரையில் விழக்கூடாது. நாங்கள் அவரின் வலது தோளுக்குப் பின்னால், ஒரு கை தள்ளி. "மூஞ்சியப் பாக்காதம்மா, வெக்கப்படுவாங்க. கட்டைவிரலைப் பாரு. மூஞ்சி மரியாதைக்குச் சிரிக்கும், கட்டைவிரலுக்கு அது தெரியாது," என்பார். பிறகு வருகிறவரிடம் ஒவ்வொரு தடவையும் அதே வார்த்தைகள், அதே மெதுவில்: "இது உங்களுக்குப் பரீட்சை இல்லீங்க. இந்தத் தளத்துக்குத்தான் பரீட்சை. நீங்கதான் வாத்தியார். தடுக்குனா அது எங்க தப்பு." பிறகு கையில் ஒரு அட்டையைக் கொடுப்பார். அதில் அவர்கள் செய்ய வேண்டிய வேலை எழுதியிருக்கும். சொந்த விவரத்தை வெளியாளிடம் யாரும் காட்ட வேண்டாம் என்பதற்காகப் பேரும் முகவரியும் நாங்களே இட்டுக்கட்டிக் கொடுப்போம். அந்த அட்டையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

அட்டை கைமாறியதும் சார் டப்பியைத் திறந்து ஒரு கல்கண்டை வாயில் போடுவார். போட்டால் போட்டதுதான். அது கரையும் மட்டும் மனிதர் வாயைத் திறக்க மாட்டார்.

இதன் அருமை எனக்கு முதல் சோதனையிலேயே புரிந்தது. ஒரு அம்மா, கரண்ட் பில் கட்டுகிற பக்கம். பொத்தான் திரையின் வலப்பக்கம் இருக்கிறது, அவர் விரல் இடப்பக்கமே கோழி மேய்கிற மாதிரி மேய்கிறது. விரல் தற்செயலாக வலப்பக்கம் திரும்பியது. என்னை அறியாமல் "ம்" என்றேன். ஒரே ஒரு "ம்". அம்மாவின் விரல் சட்டென்று பொத்தானை அமுக்கிவிட்டது.

சார் அந்தச் சோதனையையே தள்ளிவைத்துவிட்டார். அம்மாவுக்குக் காபி கொடுத்து அனுப்பிய பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ம்-னா என்னம்மா?"

"ஒண்ணுமில்ல சார், வாய்தவறி..."

"அந்த அம்மா வீட்டுல தனியா உக்காந்து பில் கட்டும்போது, பக்கத்துல ம் சொல்ல நீ போவியா?"

டப்பி திறந்து என் முன்னால் நீண்டது. "இனிமே நீயும் போட்டுக்க. கரையுற மட்டும் பேச்சு கிடையாது."

"சுகர் வந்துராதா சார்?"

"வந்தா வரட்டும். வார்த்தை வராம இருந்தாச் சரி."

அன்று முதல் என் நாக்கில் கல்கண்டு. அது ஒரு விசித்திரமான இனிப்பு. அவசரப்பட்டுக் கடித்தால் தீர்ந்துபோகும். விட்டுவிட்டால் ஓரம் மழுங்கி, வழுவழுத்து, ஆற்றுக்கூழாங்கல் மாதிரி ஆகி, ஒரு நொடியில் இருந்த இடம் தெரியாமல் போகும். அதற்குள் எதிரில் இருக்கிற மனிதர் தன் குழப்பத்தைத் தானே அவிழ்த்துக் காட்டியிருப்பார். பேச்சால் கிடைக்காததெல்லாம் எனக்கு அந்த இனிப்பான ஊமைத்தனத்தில் கிடைத்தது.

*

இனி குப்பைத் தளம்.

யோசனை எளிமையானது. பால்கவர், பாட்டில், அட்டைப்பெட்டி, செய்தித்தாள், உடைந்த பிளாஸ்டிக் வாளி என்று மறுபடி உருக்கிப் பயன்படுத்தக்கூடியதை வீட்டில் தனியாகச் சேர்ப்பது. பை நிறைந்ததும் செல்போனில் தளத்தைத் திறந்து, ஒரு படம் எடுத்து, வீட்டு முகவரி போட்டு, அனுப்பு என்று அமுக்குவது. பேட்டரி வண்டி வாசலுக்கு வந்து வாங்கிக்கொள்ளும். கோச்சடையில், வைகைக்கரைப் பக்கம் நாலைந்து தெருக்களில் வெள்ளோட்டம். நன்றாக ஓடினால் மற்ற பகுதிகளுக்கும் வண்டி. ஓடாவிட்டால் வண்டியை வேறு வேலைக்கு எடுத்துக்கொள்வதாக, வண்டிகளை விட்டிருந்த ஒப்பந்தக் கம்பெனி சொல்லியிருந்தது.

வண்டி ஓட்டியவள் பாண்டியம்மா. முப்பது சொச்சம் வயது. அதுவரை தள்ளுவண்டி தள்ளியவள். பேட்டரி வண்டி கொடுத்ததும் ஒரே வாரத்தில் மைதானத்தில் எட்டுப் போட்டுக் கற்றுக்கொண்டாள். ஹேண்டில்பாரில் தினம் ஒரு முழம் மல்லிகை சுற்றுவாள். "தலைக்கு வைக்கலியா பாண்டி?" என்றால், "தலைக்கு என்னக்கா, வண்டிதான் முன்னால போகுது, அதுக்கே இருக்கட்டும்," என்பாள். தள்ளுவண்டிக்காலத்தில் கரையேற்றத்தில் தள்ளித் தள்ளி அவள் தோள்பட்டை காய்த்துப்போயிருந்தது. இப்போது அதே ஏற்றத்தில், காற்றில் முந்தானை பறக்க, ராணி மாதிரி ஏறுவாள். வெள்ளோட்டம் தோற்றால் அவள் திரும்பத் தள்ளுவண்டிக்குப் போக வேண்டும். எங்களுக்கு அது ஒரு இணையதளம். அவளுக்கு அந்த ஏற்றம்.

சோதனைக்குக் கோச்சடை ஆட்களையே தல்லாகுளம் வரவழைத்தோம். அட்டை தயார்: 'உங்கள் பெயர் கற்பகம். வீட்டு எண் பன்னிரண்டு, ரோஜாத் தெரு. உங்களிடம் ஒரு பை பால்கவர் இருக்கிறது.' வந்தவர்கள் அத்தனை பேரும், மீசைக்காரர்கள் உட்பட, சந்தோஷமாகக் கற்பகமாக மாறினார்கள். அவர்களில் வேகமானவர் தனுஷ்கோடி அண்ணன். டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கூட்டத்துக்குள் புகுந்து டிக்கெட் கிழித்த கை அல்லவா, பக்கம் பக்கமாகக் கிழித்துப் போட்டுக்கொண்டு போனார்.

"முடிஞ்சுருச்சா? இம்புட்டுத்தானா? இதுக்கா பஸ் ஏறி வரச் சொன்னீங்க?" என்றார்.

என் வாயில் கல்கண்டு பாதிகூடக் கரையவில்லை.

யாருக்கும் எங்கும் தடுக்கவில்லை. சாருக்குச் சந்தோஷம் வந்தால் பருத்திப்பால். அன்று எனக்கும் கீழே ஜெராக்ஸ் கடைக்காரருக்கும்கூட வாங்கிக் கொடுத்தார். தளம் திறந்தது.

*

கொஞ்ச நாள் கழித்து ஒரு நாள் பாண்டியம்மா எங்கள் மாடிப்படி ஏறி வந்தாள். வண்டியைக் கீழே நிறுத்திவிட்டு, சாவியைக் கையில் இறுக்கிப் பிடித்தபடி.

"அக்கா, எவனோ என்னைய வச்சு விளையாடுறான்."

"என்ன பாண்டி?"

"போன் டிங்குங்குது. படம் வருது. பை நிறையப் பால்கவரு, அப்பிடி அழகா. டிரான்ஸ்பார்மர் பக்கத்துலன்னு போட்டிருக்கு. போயி நின்னா ஒண்ணுமில்ல. டிரான்ஸ்பார்மரு ங்ங்ன்னு என்னையப் பாத்து நிக்குது. அடுத்தது பிள்ளையார் கோயில் எதிர்லங்குது. அங்க போனா பிள்ளையார் இருக்காரு, பை இல்ல. தினமும் இதே கூத்து. காலி வண்டியத்தான் ஓட்டிட்டு வாரேன்."

தெருக்காரர்களும் குறைபட்டுக்கொண்டிருந்தார்கள்: அனுப்பினோம், வண்டி வரவே இல்லை என்று. ஒப்பந்தக் கம்பெனியின் மேலாளர் ஒரு முடிவுக்கே வந்துவிட்டார்: முனையில் வைக்கிற பையை வேறு யாரோ எடைக்குப் போட எடுத்துக்கொண்டு போகிறார்கள், இந்தத் தெருக்களில் இது சரிப்படாது, மாதக் கடைசியில் வண்டியை எடுத்துவிடலாம். எங்களுக்கும் அந்த முகவரிகளைப் பார்த்தபோது சந்தேகம் வரவில்லை. மதுரையில் யார் கதவு எண்ணைச் சொல்லி வழி சொல்கிறார்கள்? பால்கடைக்கு எதிர்சந்து, வேப்பமரத்துக்கு அடுத்த வீடு என்றுதானே கல்யாணப் பத்திரிகையே போய்ச் சேருகிறது.

பாண்டியம்மா போன பிறகு சார் வெகுநேரம் அந்தக் 'கற்பகம்' அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார்.

"நாம சோதிச்சப்ப யாராச்சும் டிரான்ஸ்பார்மர்னு போட்டாங்களாம்மா?"

"இல்ல சார். எல்லாரும் வீட்டு எண் பன்னிரண்டு, ரோஜாத் தெருன்னுதான்..."

"யாரு வீடு அது?"

"யாரு வீடும் இல்ல சார். நாம இட்டுக்கட்டினது."

"அதான். யாரு வீடும் இல்ல. அதான் யாருக்கும் தயக்கம் இல்ல." அட்டையை நெடுக்கே ஒரு தடவை, குறுக்கே ஒரு தடவை கிழித்தார். இத்தனை வருஷம் அவர் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த முறை அது. கிழித்தபோது அவர் முகத்தில் வருத்தமில்லை. பள்ளிக்கூடம் விட்ட மணி கேட்டது போல ஒரு துள்ளல். "கிளம்பும்மா. அவங்க வீட்டுக்கே போவோம். நிஜ வீடு, நிஜக் குப்பை. கல்கண்டு மட்டும் அதே."

*

தனுஷ்கோடி அண்ணன் வீடு டிரான்ஸ்பார்மரிலிருந்து மூன்றாவது. வாசலில் கருங்கல் பலகையில் 'தங்கம் நிவாஸ்' என்று வீட்டுப் பேர், எழுத்துக்குத் தங்க வர்ணம். உள்ளே போனால் கண்ணை நம்ப முடியவில்லை. கொடியில், துணிக்குப் பக்கத்தில், பால்கவர்கள். கழுவி, கிளிப் மாட்டி, வரிசையாக. காற்றடித்தால் எல்லாம் ஒரே சமயத்தில் நீலமும் வெள்ளையுமாகச் சிலிர்த்தன, மேற்கே போகிற பறவைக்கூட்டம் ஒன்று வழிதவறி இந்தக் கொடியில் வந்து உட்கார்ந்த மாதிரி.

"கழுவித்தான் குடுக்கணும்னு போட்டிருந்தீங்களா?" என்றார் சார்.

"போடல. ஆனா படம் எடுத்து அனுப்பணும்ல? ஆபீஸுக்குப் போற படம், நாறிக்கிட்டா போகும்?" என்றார் அவர் மனைவி தங்கம் அக்கா. சொல்லிக்கொண்டே முற்றத்தைக் கூட்டி, தண்ணி தெளித்து, பையை நடுவில் நிமிர்த்தி வைத்து, சுற்றி நாலு இழை கோலமும் போட்டுவிட்டார். அப்புறம்தான் படம். அழகான பை என்று பாண்டியம்மா சொன்னதன் அர்த்தம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. தெருவே இப்படித்தான் குப்பைக்கு அலங்காரம் செய்து படம் பிடித்துக்கொண்டிருந்தது.

சார் அதே வார்த்தைகளைச் சொன்னார். நீங்கதான் வாத்தியார். டப்பி திறந்தது. எனக்கொன்று, அவருக்கொன்று. அட்டை இல்லை.

தனுஷ்கோடி அண்ணன் கிழித்துக்கொண்டு போனார். என்ன பொருள், டிக். எவ்வளவு, டிக். படம், டிக். வீட்டு முகவரி.

கட்டைவிரல் நின்றது.

டவுன் பஸ் சிக்னலில் நிற்கிற மாதிரி இல்லை, பாலத்தில் பழுதாகி நிற்கிற மாதிரி. விரல் ஒரு எழுத்தின் மேல் இறங்கும், ஏறும். அவர் வாசலைப் பார்த்தார். தங்க எழுத்துப் பலகையைப் பார்த்தார். தங்கம் அக்காவைப் பார்த்தார். நாங்கள் இரண்டு ஊமைகள், கன்னத்தில் கல்கண்டு உப்ப, கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தோம். கொடியில் பால்கவர்கள் சலசலத்தன. எனக்கு நாக்கின் நுனிவரை வந்துவிட்டது: 'வீட்டு நம்பர் போடுங்கண்ணே, அவ்வளவுதானே.' கல்கண்டை அண்ணத்தில் ஒட்டிப் பிடித்துக்கொண்டேன்.

விரல் இறங்கியது. 'டி' என்று அடித்தது. 'டிரா.' அவரே நிறுத்திவிட்டு எங்களைத் திரும்பிப் பார்த்தார். அமைதி தாங்காமல் அவரே கொட்டினார்.

"இல்ல சார்... நம்ம வீட்டுப் பேரைப் போட்டு, பக்கத்துலயே குப்பைன்னு போட்டா... அது அப்பிடியே கம்ப்யூட்டர்ல நிக்கும்ல?"

"பொண்ணுக்கு மாப்பிள்ளை பாத்துக்கிட்டு இருக்கோம்," என்று தங்கம் அக்கா சேர்ந்துகொண்டார். "இந்தக் காலத்துல தரகருக்கு முன்னாடி கம்ப்யூட்டர்லதான பாக்குறாங்க. மாப்பிள்ளை வீட்டுல எவனாச்சும் ஒரு சின்னப்பய தங்கம் நிவாஸ்னு தட்டுறான்னு வைங்க. வருது: குப்பை ஒரு பை. மறுநாள் குப்பை ரெண்டு பை. நல்லா இருக்குமா நீங்களே சொல்லுங்க?"

"அதுக்குத்தான் டிரான்ஸ்பார்மரு," என்றார் தனுஷ்கோடி அண்ணன். "அதுக்கென்ன, கல்யாணமா காட்சியா?"

"அப்ப பை?" என்று கண்ணாலேயே கேட்டேன் நான்.

"பை உள்ளதான் இருக்கு. வண்டி அங்க வந்தா நம்மளத் தேடி வராதா? தெருவுக்கே தெரியுமே நம்மள!"

ஆக, ஒரு திருடனும் இல்லை. ஒரு விளையாட்டும் இல்லை. ஒவ்வொரு வீட்டிலும் பை அழகாகக் கட்டி, கதவுக்குப் பின்னால் காத்திருக்கிறது. பாண்டியம்மா டிரான்ஸ்பார்மருக்கு முன்னால் காத்திருக்கிறாள். நடுவில் முப்பதடி தூரமும் ஒரு தெருவின் மானமும்.

கல்கண்டு கரைந்தது. சார் எழுந்து கும்பிட்டார். நிஜமாகவே கும்பிட்டார். "ரொம்ப நன்றிங்க. வாத்தியார்னு சும்மா சொல்லலை."

*

திரும்பும்போது பஸ்ஸில் எனக்கு ஒரே பரபரப்பு. வீட்டுப் பேர் வெளியே யாருக்கும் தெரியாது, பயப்பட வேண்டாம் என்று தடித்த எழுத்தில் அந்தப் பக்கத்தில் போட்டுவிடலாம் என்றேன்.

"பயப்படாதீங்கன்னு எழுதி வச்ச வாசல்ல யாரும்மா பயப்படாமப் போவாங்க?" என்றார் சார். ஜன்னலில் வைகை போனது, பாதி மணல், பாதி புல், நடுவில் ஒரு கீற்று வானம். அவர் அதையே பார்த்துக்கொண்டு சொன்னார்: "தெருவே சேர்ந்து டிரான்ஸ்பார்மர்னு எழுதியிருக்கு. அத்தனை பேரும் தப்பாவா எழுதுவாங்க? வண்டி எங்க வரணும்னு சொல்லியிருக்காங்க. நாமதான் வாசிக்கல."

மறுநாள் முகவரிப் பெட்டியையே எடுத்தோம். அந்த இடத்தில் தெருவின் படம், கையால் வரைந்தது போல. டிரான்ஸ்பார்மர் முனை, பிள்ளையார் முனை, பால்கடை முனை. எது பக்கமோ அதைத் தொட்டால் போதும். வீட்டுப் பேர் கிடையாது, கதவு எண் கிடையாது. வண்டி முனைக்கு வந்ததும் போன் மணி அடிக்கும், பையோடு வெளியே வர வேண்டியதுதான். முகவரி இல்லாமல் ஒரு படிவமா என்று தளம் செய்த பிள்ளைகள் முகம் சுளித்தார்கள். சார் அவர்களுக்கும் ஆளுக்கொரு கல்கண்டு கொடுத்தார். வாய் மூடிக்கொண்டது.

மேலாளரிடம் கெஞ்சி, வண்டியை எடுப்பதற்கு முன்னால் நேரில் ஒரு நாள் வந்து பார்க்க ஒப்புக்கொள்ள வைத்தோம். காளவாசலிலிருந்து வந்த அவர் பைக்கை ஸ்டாண்டுகூடப் போடாமல், ஒரு காலை ஊன்றி, இப்பவே கிளம்பிவிடுகிற மாதிரிதான் நின்றார். காலை வெயில் டிரான்ஸ்பார்மரின் தகட்டில் பட்டுத் தெறித்தது. பாண்டியம்மா வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினாள். அன்று மல்லிகை இரண்டு முழம்.

"வருவாங்களாக்கா?" என்றாள்.

என் வாயில் கல்கண்டு. தலையைக்கூட ஆட்டக்கூடாது. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். கையைப் பற்றி விதி எதுவும் இல்லை.

போன்கள் அடித்தன. தெரு முழுக்க, இந்த வீட்டில் ஒன்று, மாடியில் ஒன்று, சந்துக்குள் ஒன்று, சினிமாப் பாட்டும் சாமிப் பாட்டும் குழந்தை அழுகிற மாதிரி ஒரு மணியும். பிறகு ஒரு நொடி ஒன்றும் இல்லை. டிரான்ஸ்பார்மரின் ங்ங் மட்டும்.

முதல் கதவு திறந்தது தங்கம் நிவாஸ். தனுஷ்கோடி அண்ணன், இஸ்திரி போட்ட சட்டை, கையில் பை, கழுத்தில், சத்தியமாகச் சொல்கிறேன், அவருடைய பழைய விசில். பின்னாலேயே எதிர்வீடு. மாடிவீடு. நைட்டிக்கு மேல் துண்டு போட்ட அக்காமார்கள், பல் தேய்த்துக்கொண்டே ஒரு வாத்தியார், ஜெபமாலையும் பாட்டில் பையுமாக ஒரு டீச்சரம்மா. தனியாகப் போனால்தான் கூச்சம். தெருவோடு தெருவாகப் போனால் அது திருவிழா.

"இதென்னடி, கழுவவே இல்ல போல?"

"உன் வீட்டுக்காரரு மாதிரி எங்க வீட்டுல கழுவ ஆளு இல்ல தாயி."

"மாப்ள, பாட்டில் எல்லாம் உன்னோடதா? சோடா பாட்டில்தான? சத்தம் ஒரு மாதிரியா இருக்கே!"

தனுஷ்கோடி அண்ணன் வண்டிக்குப் பக்கத்தில் நின்று தொழிலை ஆரம்பித்துவிட்டார். "உள்ள போ, உள்ள போ, நடுவுல எம்புட்டு இடம் கெடக்கு! அட்டைப்பெட்டியெல்லாம் பின்னால! படியில வைக்காத மாப்ள!" வண்டி நிறைந்து, கும்பாச்சியாகி, மேலே ஒரு உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி சிம்மாசனம் போல ஏறி உட்கார்ந்தது.

மேலாளர் பைக்குக்கு ஸ்டாண்ட் போட்டார். பிறகு தன் கைப்பையிலிருந்து காலியான தண்ணீர் பாட்டிலை எடுத்து, கூட்டத்தில் நுழைந்து, வண்டியில் போட்டார்.

இரண்டு விசில். பாண்டியம்மா கைப்பிடியை முறுக்கினாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று பார்ப்பதற்குள் வண்டி ஏற்றத்தில் போய்விட்டது, மல்லிகையும் நாற்காலியும் ஆட, முந்தானை பறக்க.

*

அந்த வருஷமே தங்கம் நிவாஸில் கல்யாணம். பத்திரிகையில் வீட்டுப் பேர் பொன் எழுத்தில், மணமகன் பேரைவிடப் பெரிதாக. மாப்பிள்ளை காளவாசல். அதற்குள் வண்டி காளவாசல் வரை வந்துவிட்டது, பாண்டியம்மாதான் அந்தப் பக்கமும்.

மண்டப வாசலில் சந்தனம், குங்குமம், பன்னீர், தட்டு நிறையக் கல்கண்டு. சாரும் நானும் ஆளுக்கொன்று எடுத்து வாயில் போட்டுக்கொண்டு உள்ளே போனோம். பந்தி முடிகிற நேரம். கைகழுவுகிற இடத்தில் தண்ணீர் பாட்டில்கள் மலையாகக் குவிந்திருந்தன. பட்டுவேட்டியில் தனுஷ்கோடி அண்ணன் அதன் முன்னால் நின்று யோசித்தார். செல்போனை எடுத்தார். பாட்டில்களை நாலு உருட்டு உருட்டி ஒழுங்காக்கிப் படம் எடுத்தார். பழக்கதோஷம், சாரும் நானும் சத்தமில்லாமல் அவரின் வலது தோளுக்குப் பின்னால் போய் நின்றோம்.

என்ன பொருள், டிக். எவ்வளவு, டிக். எந்த முனை?

மண்டபத்து முனை திரையில் முதலிலேயே இருந்தது. கட்டைவிரல் அதன் மேல் வந்தது. நின்றது. தலை மெல்லத் திரும்பி மேடையைப் பார்த்தது. மகள் சிரித்துக்கொண்டிருந்தாள். பெண்ணைப் பெற்றவர் கொடுக்கும் விருந்து, அவர் பேரில் இத்தனை குப்பையா? விரல் மேலே நகர்ந்தது, நகர்ந்தது, காளவாசலில் மாப்பிள்ளை வீட்டுத் தெருமுனையில் போய் உறுதியாக அமுங்கியது.

மூன்றாவது வரிசைப் பந்தியில், பாயசத்தில் அப்பளம் நொறுக்கிக்கொண்டிருந்த பாண்டியம்மாவின் இடுப்பில் போன் டிங் என்றது. எடுத்துப் பார்த்தாள். பாட்டில் மலையின் படத்தைப் பார்த்தாள். தலை நிமிர்ந்து, எதிரிலேயே இருந்த மலையைப் பார்த்தாள்.

"ஏண்ணே," என்று இலையிலிருந்தபடியே கத்தினாள், "இந்தா இருக்குறதை அள்ளுறதுக்கு நான் காளவாசல் போயிட்டு வரணுமா?"

நான் சாரைப் பார்த்தேன். சார் என்னைப் பார்த்தார். இரண்டு பேர் வாயிலும் கல்கண்டு. அவர் உதடு துடித்தது, தோள் குலுங்கியது, கண்ணில் தண்ணீர் கட்டியது.

அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, அந்த மனிதர் வாயில் கல்கண்டு 'கடக்' என்று உடைகிற சத்தம் கேட்டேன்.